துண்டுச் சீட்டும் தூரதேசத்து ஆட்டக்காரரும்

2010ஆம் ஆண்டு தொடக்கத்தில், நான் பணியாற்றிய நாளிதழின் இரவு மேசையில் ஒரு தலைப்பு இட்டேன். அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட நட்சத்திரம் ஸ்டீபன் மார்பரி சீனாவின் ஷான்சி கழகத்துக்கு விளையாட ஒப்பந்தமாகியிருந்தார். விளையாட்டுப் பக்கத்தின் கீழ்மூலையில் நான்கு அங்குலம் காலியாகக் கிடந்தது. "கூலிக்கு ஆடச் சீனா போகிறார் மார்பரி" என்று போட்டுப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பினேன். எழுத்தெண்ணிக்கை கச்சிதமாகப் பொருந்தியதில் எனக்கு ஒரு சிறிய மகிழ்ச்சியும் இருந்தது.

சிவராத்திரி விடுமுறையில் மஸ்கெலியாவுக்கு வந்தேன். சிவனொளிபாத யாத்திரைக் காலமாதலால் நல்லதண்ணி போகும் பேருந்துகளும் வேன்களும் கடைவீதியை அடைத்துக்கொண்டு நின்றன. என் தாய்மாமன் தேநீர்க் கடை வாங்கில் அமர்ந்திருந்தார். நாற்பது ஆண்டுகள் தோட்டத்தில் பேர் போட்டு ஓய்ந்தவர். நாளிதழை முதற்பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை விடாமல் வாசிக்கும் பழக்கமுள்ளவர். குசலம் விசாரித்த பின், சட்டைப்பையிலிருந்து மடித்து வைத்திருந்த அந்தத் துண்டை எடுத்து விரித்தார்.

"இது நீ போட்டதா மருமகனே?"

ஆம் என்றேன்.

"கூலிக்குப் போறது அவ்வளவு கேவலமா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு வெற்றிலையை மடிக்கத் தொடங்கிவிட்டார். நான் இன்னொரு தேநீருக்குச் சொன்னேன். அன்று சொல்லாத பதிலைத்தான் இத்தனை ஆண்டுகள் கழித்து இங்கே எழுதுகிறேன். அவர் இன்று இல்லை.

முதலில் மார்பரியின் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். நியூயோர்க்கின் கோனி ஐலண்ட் பகுதியில், ஏழைகளுக்கென அரசு கட்டிய அடுக்குமாடிகளில் வளர்ந்தவர் அவர். அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளில் பெரும் பணமும் பெரும் பகையும் சம்பாதித்தார். 2009இல் அங்கே அவருடைய கதை முடிந்தது. என்.பி.ஏ.யில் 30 அணிகள். அணிக்கு 15 நிரந்தர இடங்கள். ஆக 450 பேர். அந்த வாசலுக்கு வெளியே நிற்கும் ஆயிரக்கணக்கானோர் இத்தாலிக்கும் துருக்கிக்கும் பிலிப்பைன்ஸுக்கும் சீனாவுக்கும் பெட்டி கட்டுகிறார்கள். ஒரு பருவத்துக்கு ஓர் ஒப்பந்தம், ஒரு முகவர், புரியாத மொழி, வாய்க்கு ஒவ்வாத சாப்பாடு. அணிக்கு இத்தனை வெளிநாட்டவர்தான் என்று வரம்பு உண்டு. ஆகவே உள்ளூர்க்காரன் சோபிக்காவிட்டால் அடுத்த ஆட்டம் இருக்கும். வெளிநாட்டான் சோபிக்காவிட்டால் அடுத்த விமானம்தான்.

மார்பரி அங்கே தோற்கவில்லை. பெய்ஜிங் அணிக்கு 2012, 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் சம்பியன் பட்டத்தைப் பெற்றுக் கொடுத்தார். அந்த நகரத்தார் அவருக்குச் சிலை வைத்தார்கள். நான்கு அங்குலத்தில் நான் முடித்துவைத்த மனிதருக்கு இன்னும் எட்டு ஆண்டு ஆட்டம் பாக்கியிருந்தது.

இந்தச் செய்திகளைப் பின்தொடர்ந்தபோது ஒரு நடைமுறை என் கண்ணில் பட்டது. கூடைப்பந்தாட்டக்காரர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கழகத்துக்கு மாறும்போது, முந்திய நாட்டுச் சம்மேளனம் 'இவரை விடுவிக்கத் தடையில்லை' என்று ஒரு கடிதம் தரவேண்டும். அந்தக் கடிதம் இல்லாமல் புதிய அணியின் சட்டையைப் போட முடியாது. கிரிக்கெட்டிலும் இதுவே வழக்கம். வெளிநாட்டு லீக் போட்டிக்குப் போகிறவர் தமது நாட்டுச் சபையின் ஆட்சேபனையின்மைச் சான்றிதழைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

மலையகத்தின் சரித்திரத்தைக் கொஞ்சமேனும் புரட்டியவர்களுக்கு இதற்கு வேறொரு பெயர் தெரியும். துண்டு.

அறியாத இளையோருக்காகச் சொல்கிறேன். கங்காணி தமிழ்நாட்டுக் கிராமத்தில் முன்பணம் கொடுத்து ஆள் திரட்டி வருவார். அந்த முன்பணமும் வழிச்செலவும் அரிசிக் கடனும் தொழிலாளியின் தலையில் பற்றாக எழுதப்படும். வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் துரை ஒரு சிறு தாளில் எழுதிக் கொடுப்பார்: இந்தக் கூட்டத்தின் கடன் இவ்வளவு, இதைச் செலுத்துபவருக்கு ஆட்களை விடுவிக்கச் சம்மதம். அந்தத் தாள்தான் துண்டு. அதைக் கையில் எடுத்துக்கொண்டு கங்காணி தோட்டம் தோட்டமாக ஏறி இறங்குவார். புதிய துரை பணத்தைக் கட்டினால் ஆட்கள் இடம் மாறுவார்கள். மாறும்போது கடன் குறையாது, பெரும்பாலும் கூடும். இன்றைய விளையாட்டுப் பக்கங்களில் 'மாற்றுக் கட்டணம்' என்று எழுதுகிறோமே, அதன் அச்சு அசல். ஒரே வேற்றுமை, விலை போனவனுக்கு அதில் சல்லிக்காசும் சேராது. 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

அதற்கு முந்திய ஆண்டு, 1920இல், தென்னிந்தியாவிலிருந்து பெரியசாமி சின்னசாமி என்பவர் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தார். பின்னாளில் தம் புதல்வியருடன் இந்தியா திரும்பித் திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்தார். மகன்மார் இங்கேயே தங்கினார்கள். அவர்களுள் முத்தையா, சகோதரர்களோடு சேர்ந்து கண்டியில் பிஸ்கட் தொழில் தொடங்கினார். முத்தையாவின் மகன் முரளிதரன் 1972 ஏப்ரல் 17இல் பிறந்தார்.

அவருடைய 800 டெஸ்ட் விக்கெட்டுகளைப் பற்றியும் 1995 டிசம்பர் 26இல் மெல்பேர்னில் நடுவர் டெரல் ஹெயார் அவருடைய பந்துகளை முறையற்றவை என அறிவித்ததைப் பற்றியும் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் பேச விரும்புவது அதிகம் பேசப்படாத முரளியைப் பற்றி. நாட்டுக்காக அல்ல, ஊதியத்துக்காகக் கடல் கடந்து ஆடிய முரளியைப் பற்றி.

1999இல் இங்கிலாந்தின் லங்காஷயர் அணி அவரை வரவழைத்தது. அப்போது ஒரு கவுண்டி அணிக்கு ஒரு வெளிநாட்டவருக்கே இடம். பாதிப் பருவம்கூட ஆடாமல் 66 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அந்த ஆண்டு அணி இரண்டாம் இடத்துக்கு வந்தது. பின்னர் 2001, 2005, 2007 என்று திரும்பத் திரும்ப அழைத்தார்கள். இடையில் 2003இல் கென்ட், ஓய்வுக்குப் பின் குளொஸ்டர்ஷயர். நாட்டு அணியின் தொடர்களுக்கு இடையே கிடைத்த சில வாரங்களில் போய், நாள் முழுக்கப் பந்து வீசி, கணக்குத் தீர்த்துத் திரும்பும் வேலை. காலையில் ஏறிய மலையை மாலையில் இறங்கும் நம்மவருக்கு அந்த உழைப்பின் சந்தம் புரியும்.

லங்காஷயர் என்றதும் எனக்கு இன்னொருவர் நினைவு வரும். முரளிக்கு எழுபது ஆண்டு முன்னர், 1929இல், அதே மாவட்டத்தின் நெல்சன் என்ற பஞ்சாலை நகரம் டிரினிடாட்டிலிருந்து லியரி கொன்ஸ்ரன்ரைனைச் சம்பளத்துக்கு அழைத்தது. அவர் அடிமைகளின் வழிவந்தவர். தந்தை கொக்கோத் தோட்டமொன்றில் மேற்பார்வையாளர். கறுப்பு மனிதரை நேரில் பார்த்திராத அந்த நகரத்துப் பிள்ளைகள் அவருடைய வீட்டு யன்னல் வழியே எட்டிப் பார்த்தார்களாம். ஒன்பது பருவங்கள் ஆடினார். ஏழு முறை நெல்சன் லீக் பட்டத்தை வென்றது. ஆலைத் தொழிலாளர் தங்கள் வாரக்கூலியிலிருந்து நுழைவுச்சீட்டு வாங்கி அவரைப் பார்க்க வந்தார்கள். கூலிக்காரர் கொடுத்த காசில் கூலிக்கு ஆடியவர். 1969இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபையில் அமர்ந்த முதலாவது கறுப்பினத்தவரும் அவரே. தோட்டத்திலிருந்து வந்த இன்னொருவருக்கு லங்காஷயர் வழி தெரிந்த ஊர்தான் என்று எனக்குத் தோன்றும்.

2008 பெப்ரவரியில் ஐ.பி.எல். ஏலம் நடந்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் முரளியை 6 இலட்சம் அமெரிக்க டொலருக்கு எடுத்தது. அன்றிரவு செய்தி மேசையில் எல்லோரும் ரூபாயில் பெருக்கிப் பார்த்து வாய்பிளந்தார்கள். மனிதர்களை ஏலம் போடுவதா என்று ஆசிரியர் தலையங்கம் எழுதச் சொன்னார், எழுதியவனும் நான்தான். இன்று அதை எழுத மாட்டேன். ஏலம் அருவருப்பான காட்சி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த ஏலத்தில் சொல்லப்பட்ட விலை ஆட்டக்காரரின் சம்பளமாக அவருடைய கைக்கே போயிற்று. தாத்தா எந்தக் கரையிலிருந்து வந்தாரோ அந்தக் கரைக்குப் பேரன், தன் விலை தனக்கே சேரும் ஒப்பந்தத்தோடு போனார். 2010இல் கிண்ணம் வென்ற சென்னை அணியில் அவரும் இருந்தார்.

பின்னர் 2011இல் கொச்சி அணி அவரை 11 இலட்சம் டொலருக்கு எடுத்தது. ஒரே பருவத்தில் அந்த அணி கலைந்தது. அதன் ஆட்டக்காரர் பலர் சம்பளப் பாக்கிக்காக அலைய நேர்ந்தது. 2013இல் அவர் பெங்களூர் அணியிலிருந்தபோது, இலங்கையர் எவரும் சென்னையில் ஆடக்கூடாதென்று தமிழ்நாட்டு முதல்வர் ஜெயலலிதா அறிவித்தார். மூன்று ஆண்டுகள் தமது ஊர்க்காரராகக் கொண்டாடிய மைதானத்தின் வாசல் அவருக்குச் சாத்தப்பட்டது. முள்ளிவாய்க்காலின் வலி நியாயமானது. அந்த வாசலில் நின்ற தமிழர் யார், அவருடைய குடும்பம் எந்த வழியால் இலங்கைக்கு வந்தது என்று எவரும் கேட்கவில்லை. முரளியின் அரசியல் கருத்துகள் பலவற்றில் எனக்கு உடன்பாடில்லை. அதே 2013இல், பிரித்தானியப் பிரதமர் கமரூன் யாழ்ப்பாணம் வந்தபோது அவர் சொன்னவை வடக்கின் தாய்மாரைப் புண்படுத்தின, அது தவறு. ஆயினும் ஒரு மனிதரின் வாய்ச்சொல்லைக் கண்டிப்பது வேறு, கடவுச்சீட்டைப் பார்த்து வேலையை நிறுத்துவது வேறு. அப்படி நிறுத்தப்படுவது என்னவென்று 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டவர்களின் பிள்ளைகளாகிய நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி, இதை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகிறேன்.

2017 மே 12 அன்று இந்தியப் பிரதமர் மோடி நோர்வூட் மைதானத்துக்கு வந்தார். மலையெங்கிலும் இருந்து பேருந்துகளில் சனம் வந்து குவிந்தது. தமது உரையில் அவர் எம்.ஜி.ஆரின் பிறப்பைக் குறிப்பிட்டார். முரளிதரனை உலகுக்குத் தந்தவர்கள் நீங்கள் என்ற பொருள்படவும் பேசினார். மைதானம் ஆர்ப்பரித்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற கொழுந்து பறிக்கும் பெண்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அதன் பிறகு நம் அரசியல்வாதிகள் அந்த வாக்கியத்தை விடவில்லை. விளையாட்டுப் போட்டிப் பரிசளிப்பா, பாடசாலைக் கட்டடத் திறப்பா, எங்கும் முரளி. 'நீங்களும் முரளி ஆகலாம்' என்று லயன் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள்.

இது பொய். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் பொய்.

முரளி லயன் காம்பிராவிலிருந்து லங்காஷயருக்குப் போகவில்லை. அவருடைய குடும்பம் தோட்டத்தை விட்டு வெளியேறி, நகரத்தில் தொழில் தொடங்கி, 1977 கலவரத்தில் அதை நெருப்புக்குக் கொடுத்து, மீண்டும் எழுப்பி, பிள்ளையைக் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரிக்கு அனுப்பியது. அந்தக் கல்லூரியில் மைதானம் இருந்தது, பந்து இருந்தது, சுனில் பெர்னாண்டோ என்ற பயிற்றுநர் இருந்தார். வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த சிறுவனைச் சுழற்பந்து வீசச் சொன்னவர் அவர்தான். அந்த ஒரு யோசனை வராதிருந்தால் 800 என்ற எண் இல்லை. இவற்றில் எது இங்கே மவுசாக்கலைக் கரையோரத் தோட்டப் பாடசாலையில் இருக்கிறது? முரளியின் கதை தோட்டத்தின் வெற்றிக் கதையல்ல. தோட்டத்தை விட்டுப் போக முடிந்தவர்களின் கதை.

மஸ்கெலியாவின் பெயரோடு ஒரு கிரிக்கெட் சங்கம் இருப்பது பலருக்குத் தெரியாது. டிக்கோயா மஸ்கெலியா கிரிக்கெட் சங்கம், டரவளையில். வெள்ளைத் துரைமார் தங்களுக்காக அமைத்துக்கொண்டது. ஊரின் பெயரைக் கொடுத்த மலைகளில் கொழுந்து பறித்தவர்களுக்கு அங்கே ஆடுவதற்கு இடமிருக்கவில்லை. ஆக, இந்த மலையில் கிரிக்கெட் மைதானம் அமைக்கச் சமநிலம் கிடையாது என்று யாரும் சொல்ல வேண்டாம். நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அமைத்திருக்கிறார்கள்.

நம் பிள்ளைகள் எதில் தேறுகிறார்கள் என்று பாருங்கள். நெடுந்தூர ஓட்டத்தில். குமார் சண்முகேஸ்வரனும் வேலு கிரிஷாந்தினியும் தேசிய மட்டத்தில் ஓடி நிற்பதைக் கண்டு நாம் பூரிக்கிறோம். மலைக்காற்றும் உறுதியான கால்களும் காரணம் என்கிறோம். இருக்கலாம். எனக்குப் படும் காரணம் வேறு. ஓடுவதற்கு மைதானம் வேண்டாம். தோட்டத்து வீதி போதும். தேவையானது மனம் ஒன்றுதான் என்ற ஒரே ஆட்டத்தில்தான் நம் பிள்ளைகளால் மற்றவரோடு ஒரே கோட்டில் நிற்க முடிகிறது.

1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. நிலம் அரசாங்கத்துடையது, குத்தகைதான் கம்பனிகளுடையது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்தை 2015இல் கேட்கத் தொடங்கி 2021இல்தான் பெற்ற சமூகம் இது. அதற்கே இத்தனை போராட்டம் என்றால் மைதானத்துக்கு யார் போராடுவது என்று கேட்பார்கள். போராட்டம் வேண்டாம், ஒரு தோட்டத்துக்கு ஒரு சமநிலத்தைக் குத்தகையிலிருந்து பிரித்துப் பாடசாலையின் பேரில் எழுதிக் கொடுக்க ஒரு கையொப்பம் போதும். முரளியின் பெயரை மேடையில் உச்சரிக்கும் ஒவ்வொரு அமைச்சரையும் இதைத்தான் கேட்க வேண்டும்: எந்தத் தோட்டம், எத்தனை ஏக்கர், எந்தத் திகதி?

மாமா கேட்ட கேள்விக்கு வருகிறேன். கூலிக்குப் போவது கேவலமல்ல. மார்பரி போனார், கொன்ஸ்ரன்ரைன் போனார், முரளி போனார். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் போனார்: 2 மீற்றர் 8 சென்ரிமீற்றர் உயரம், 2009இலும் 2018இலும் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை நாட்டுக்கு வென்று தந்தவர், 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் 348 கோல்கள் போட்டவர். மெல்பேர்ன் நகரத்துக் கழகமொன்று அவரை அழைத்து ஆடவைத்தது. வலைப்பந்தாட்டம் கூடைப்பந்தாட்டத்தின் தங்கை. ஆகவே மார்பரியின் தொழிலுக்கு நம்மவரில் மிகக் கிட்டியவர் தர்ஜினிதான்.

கேவலம் எங்கே இருக்கிறதென்றால், எந்தக் கூலிக்கு யார் காவல் என்பதில் இருக்கிறது. கூடைப்பந்தாட்டக்காரருக்குக் கழகம் சம்பளம் தராவிட்டால் முறையிட ஜெனீவாவில் ஒரு நடுவர் மன்றம் இருக்கிறது. 2007 முதல் இயங்குகிறது. அங்கு போகும் வழக்குகளில் பெரும்பாலானவை சம்பளப் பாக்கிதான். நம் ஊரிலிருந்து குவைத்துக்கும் ரியாத்துக்கும் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கும் ஒப்பந்தம் உண்டு, முகவர் உண்டு, இரண்டாண்டுப் பருவம் உண்டு. கடவுச்சீட்டு மட்டும் எசமானின் அலுமாரியில். சம்பளம் வராவிட்டால் தூதரகத்து வாசலில் நிற்பதுதான் மன்றம். துண்டு 1921இல் ஒழிந்தது என்று மேலே எழுதினேன். சட்டப் புத்தகத்தில் ஒழிந்தது.

சென்ற ஆண்டு ஒரு தோட்டப் பாடசாலைக்குப் போயிருந்தேன். பிரட்டுக்களத்தில் மூங்கிலை நட்டு, மேலே இரும்பு வளையம் கட்டியிருந்தார்கள். அதிபர் ஒரு பிள்ளையைக் காட்டினார். பத்தாம் வகுப்பு, நிலைவாசலில் குனிந்து நுழையும் உயரம். இருபது முறை எறிந்தாள்; நான் எண்ணினேன், பதினேழு விழுந்தது. மூன்று தரம் பந்து தேயிலைக் கானுக்குள் உருண்டு போயிற்று. அதைத் தேடி எடுத்துவர நேரமெல்லாம் கழிந்தது. தர்ஜினியைத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். அம்மா சவூதியில் என்றாள். பரீட்சை முடிந்ததும் என்ன செய்யப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. ஏஜென்சிக்காரர் வீட்டுக்கு இரண்டு தரம் வந்து போனதாக அவளே சொன்னாள்.